எடை குறைக்கிற ஒபரேசன் செய்தவங்க முரசை (ஈறை)க் காப்பாத்த என்ன செய்யோணும்: திருகோணமலையில இருந்து போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு எடை குறைக்க காஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சின்னனாக்கி குடலோட ஒட்டுற ஒபரேசன்) செய்து அஞ்சாம் மாசம், ஒருநாள் காலமை எழும்பிப் பாத்தால் தலகணி உறையில மண்ணிறமா ரெண்டு மூண்டு புள்ளி. என்னெண்டு விளங்கேல்ல. பிறகு பத்து மணி போல பப்பாசித் துண்டு ஒண்டைக் கடிச்சு கையில வைச்சுப் பாக்கிறன், கடிச்ச விளிம்பு முழுக்க சிவப்புக் கோடு. அப்பதான் இது முரசில இருந்து வாற ரத்தம் எண்டு தெரிஞ்சது. கொழும்பில ஒபரேசன் செய்த இடத்துக்கு கோல் எடுத்துக் கேட்டால் பல்லை பல் டொக்டரிட்டக் காட்டுங்கோ எண்டாங்க, இஞ்ச பல்லுக்குப் போனால் ஒபரேசனைப் பத்தி ஒருத்தரும் கேக்கேல்ல, கேக்காதபடியால் நானும் சொல்லேல்ல. அதில இருந்து எல்லாம் சரியாக எனக்கு ஏழு மாசம் போச்சு, ஒரு கடவாய்ப் பல்லும் போச்சு. இந்த ஒபரேசனுக்கு இப்ப எங்கட பக்கம், உப்புவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் எல்லா இடத்தில இருந்தும் ஆக்கள் போகினம், அவங்களுக்கு இந்த அலைச்சல் வரக்கூடாது எண்டுதான் எழுதிறன்.

நான் டொக்டர் இல்லை. கீழ உள்ளது நான் கேட்டுப் படிச்சு செய்து பாத்த விசயங்கள், உங்கட மருந்து மாத்திரையை உங்கட டொக்டரிட்டக் கேக்காமல் மாத்த வேண்டாம்.

ஏன் முரசு பழுதாகுது எண்டதை மட்டும் சுருக்கமா சொல்லிட்டுப் போறன். ஒபரேசனுக்குப் பிறகு இரைப்பை சின்னன், அதால நாளைக்கு மூண்டு தரம் சாப்பிட்ட நாங்க அஞ்சு ஆறு தரம் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுறம், வாய் ஓய்வில்லாமல் அழுக்குப் பிடிக்குது. தண்ணி ஒரேயடியா குடிக்க ஏலாது, வாய் காயுது, உமிழ்நீர் குறையுது. சிலருக்கு வாந்தி, நெஞ்செரிவு, அந்த அமிலம் பல்லில படுது. அதோட இரும்புச்சத்து, பி12, போலிக் அசிட், விட்டமின் சி, டி, சிங்க் எல்லாம் குறைய வாய்ப்பிருக்கு, இதுகள் குறைஞ்சால் முரசும் நாக்கும் புண் ஆறாமல் நிக்கும். முதலே சீனி வருத்தம் இருந்தவங்களுக்கு முரசு ஏற்கனவே பலவீனமாத்தான் இருந்திருக்கும்.

1. ஒபரேசன் திகதி எடுக்க முதல் பல்லுக்குத் திகதி எடுங்கோ

ஆகக் குறைஞ்சது ரெண்டு மூண்டு மாசம் முந்தியே பல் டொக்டரிட்டப் போங்கோ. ஏன் இவ்வளவு முந்தி எண்டால் கழட்ட வேண்டிய பல்லு இருந்தால் கழட்டி, காயம் ஆறி, நீங்க ரெண்டு பக்கத்தாலயும் மெண்டு சாப்பிடுற அளவுக்கு வரோணும். ஒபரேசனுக்குப் பிறகு ஒரு வாய் சாப்பாட்டை இருவது முப்பது தரம் மெல்லச் சொல்லுவாங்க, கடவாய்ப் பல்லு இல்லாமல் மெல்லாத இறைச்சித் துண்டு உள்ள போனால் அது சின்ன வாசலில அடைச்சு, நெஞ்சு இறுகி, சத்தி எடுத்துத்தான் வெளிய வரும். எனக்கு ரெண்டு தரம் நடந்தது, ரெண்டு தரமும் பல் வலிக்குப் பயந்து ஒரு பக்கத்தால மட்டும் அரைகுறையா மெண்ட நாட்கள்.

அரச ஆஸ்பத்திரியில பல் சிகிச்சைக்குக் காசில்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போறதெண்டால் வெள்ளண போங்கோ, நம்பர் எடுத்து இருக்கோணும், வேலைக்கு அரை நாள் லீவு போட்டிட்டுப் போறது நல்லம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து ஆக்கள் தங்கட ஆதார வைத்தியசாலையில முதல் விசாரிச்சிட்டு டவுனுக்கு வாங்கோ. கொண்டு போக வேண்டியது: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, கடைசியா எடுத்த பிளட் ரிப்போர்ட், குடிக்கிற மருந்துகளின்ட பெட்டி (பேர் சொல்லத் தெரியாட்டி பெட்டியைக் காட்டுறதுதான் லேசு).

போன உடன இந்த வசனத்தை சொல்லுங்கோ: "எனக்கு இத்தனையாம் மாசம் எடை குறைக்கிற ஒபரேசன் இருக்கு, அதுக்கு முதல் வாயில கிருமி இருக்கிற எல்லாத்தையும் முடிச்சுத் தாங்கோ, முரசின்ட ஆழத்தையும் அளந்து எழுதித் தாங்கோ." முரசுக்கும் பல்லுக்கும் இடையில சின்ன அளவுகோல் போல ஒரு கம்பியை மெல்ல விட்டு அளப்பாங்க. 3 மில்லிமீற்றர் வரைக்கும் எண்டால் நல்லம், 4ம் அதுக்கு மேலயும் எண்டால் முரசு பல்லை விட்டு விலகத் தொடங்கிட்டு. எனக்கு இந்தக் கணக்கு ஒபரேசனுக்கு முதல் எடுக்கேல்ல, அதால பிறகு கூடினதா, முதலே இருந்ததா எண்டு ஒருத்தருக்கும் சொல்ல முடியேல்ல.

சுருட்டு, சிகரெட் குடிக்கிறவங்க, வெத்திலை போடுறவங்க இந்தக் கட்டத்திலயே விடுங்கோ. சிகரெட் குடிக்கிறவங்களுக்கு முரசு பழுதாகினாலும் ரத்தம் குறைவாத்தான் வரும், அதால ஒண்டுமில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திடுவாங்க. விட்ட பிறகு ரத்தம் தெரியத் தொடங்கினால் பயப்பிட வேண்டாம், பல் டொக்டரிட்டக் காட்டுங்கோ.

2. ஒரு தாள் தயார் பண்ணுங்கோ, அதை எப்பவும் கையோட வைச்சிருங்கோ

இந்தக் கட்டுரையில ஒண்டே ஒண்டை மட்டும் செய்யிறதெண்டால் இதைச் செய்யுங்கோ. ஒபரேசன் செய்த டொக்டரும் பல் டொக்டரும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கப் போறதில்லை, அவர் கொழும்பில, இவர் இஞ்ச. நடுவில தகவலைக் கொண்டு போறது நீங்கதான்.

வீட்ட போக முதல் ஆஸ்பத்திரியில டயக்னோசிஸ் கார்ட் தருவாங்க. அதில ஒபரேசனின்ட பேர் வடிவா எழுதியிருக்கா எண்டு பாருங்கோ: ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமியா (இரைப்பையின்ட பெரும் பகுதியை வெட்டி எடுக்கிறது), காஸ்ட்ரிக் பைபாஸா. "வயித்து ஒபரேசன்" எண்டு மட்டும் சொன்னால் பல் டொக்டருக்கு ஒண்டும் விளங்காது, ரெண்டுக்கும் மருந்து விசயத்தில வித்தியாசம் இருக்கு. கார்ட்டை மூண்டு போட்டோகொப்பி அடிச்சு, போனிலயும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. பிறகு ஒரு தாளில, முடிஞ்சால் இங்கிலிசில, சர்ஜனிட்டயே கேட்டு எழுதி வாங்குங்கோ: என்ன ஒபரேசன், எந்தத் திகதி, இப்ப குடிக்கிற மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து ஏதும் இருக்கா, எந்த வலி மருந்து குடுக்கக் கூடாது, அலர்ஜி, பிரச்சினை எண்டால் எடுக்க வேண்டிய நம்பர்.

அந்த வலி மருந்து விசயம்தான் என்னை வார்ட்டில படுக்க வைச்சது. பல்லுக்குப் போன இடத்தில வலிக்கு டைக்ளோபெனாக் எழுதினாங்க, நான் தாள் ஒண்டும் காட்டேல்ல, ஒபரேசனையும் சொல்லேல்ல. மூண்டு நாள் குடிச்சன், நாலாம் நாள் மேல் வயித்தில கத்தியால குத்திற மாதிரி, மலம் கறுப்பாப் போச்சு. பைபாஸ் செய்து ஒட்டின இடத்தில புண் வந்திட்டு. பைபாஸ் செய்தவங்க டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் இந்தக் குடும்பத்து வலி மருந்துகளைத் தவிர்க்கோணும், ஸ்லீவ் செய்தவங்களும் சர்ஜனிட்டக் கேக்காமல் தொடக் கூடாது. இதயத்துக்கு அஸ்பிரின் குடிக்கிறவங்க தாங்களா நிப்பாட்டவும் வேண்டாம், அதையும் சர்ஜனிட்டயும் இதய டொக்டரிட்டயும் கேளுங்கோ. பல் வலிக்கு எனக்குச் சொன்னது பனடோல், அதுவும் 24 மணித்தியாலத்தில 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல போகக் கூடாது, மெலிஞ்சு 50 கிலோவுக்குக் கீழ வந்தவங்க, ஈரல் வருத்தம் உள்ளவங்க அதிலயும் குறைக்கோணும். பாமசியில போய் "பல் வலிக்கு ஏதாவது தாங்கோ" எண்டு மட்டும் கேக்காதேங்கோ, அங்க முதல் கைக்கு வாறது அந்தக் குடும்பத்து மருந்துதான்.

அன்டிபயோட்டிக் எழுதினாலும் தாளைக் காட்டுங்கோ. முதல் மாசங்களில பெரிய குளிசை இறங்காது, பாணியா இருக்கா எண்டு கேளுங்கோ. மெல்ல மெல்லக் கரையிற குளிசைகள் பைபாஸ் வயித்தில சரியா உறிஞ்சப்படாமல் போகலாம், அவற்றை நீங்களா உடைச்சுக் குடிக்கவும் கூடாது.

3. முதல் ஆறு கிழமை

திரவச் சாப்பாடு, பிறகு கடைஞ்சது, பிறகு மெத்தையானது எண்டு போற காலம். மெல்லுற வேலை இல்லாதபடியால் பல்லுத் தீட்டத் தேவையில்லை எண்டு ஒரு எண்ணம் வரும், அது பிழை. மெல்லாத வாயில அழுக்குத் தானா உரஞ்சிப் போகாது, அதோட நெஸ்டமோல்ட், மால்ட் பால், சீனி போட்ட புரோட்டீன் பால் எல்லாத்தையும் மணிக்கணக்கா உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கேக்க பல்லு முழுக்க இனிப்பிலயே நனைஞ்சு கிடக்கும். ஒரு கப் பாலை அரை மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிட்டு, பிறகு வெறும் தண்ணி ஒரு மிடறு எடுத்து வாய் முழுக்க ஓட விட்டு விழுங்குங்கோ. சீனி இல்லாத புரோட்டீன் எடுங்கோ.

பிரஷ் ஆக மெத்தையானது, சின்னத் தலை உள்ளது. சின்னப் பிள்ளைகளின்ட பிரஷும் சரி. படுத்த இடத்தில எழும்ப ஏலாத முதல் ரெண்டு நாளும் ஒரு கிண்ணத்தை வைச்சு கட்டிலிலயே தீட்டலாம், எனக்கு என்ட மகள்தான் கிண்ணம் பிடிச்சவள்.

இந்த ஆறு கிழமைக்குள்ள அவசரம் இல்லாத பல் வேலை ஒண்டும் வைக்க வேண்டாம். வீக்கம், சீழ், காய்ச்சல் எண்டால் அது வேற, பிந்தாமல் போகோணும்.

4. ஒவ்வொரு நாளும் செய்யிறது

நான் முப்பது வருசமா பல்லுத் தீட்டினது பிழை எண்டு எனக்கு நாப்பத்து நாலு வயசில ஒரு பல் டொக்டர் கண்ணாடியைப் பிடிச்சுக் காட்டித் தந்தவர். நாங்க பல்லின்ட நடுவைத் தேய்க்கிறம், அழுக்கு இருக்கிறது பல்லும் முரசும் சேர்ற கோட்டில. பிரஷைச் சரிச்சுப் பிடிச்சு மயிர் பாதி பல்லிலயும் பாதி முரசிலயும் படுற மாதிரி வைச்சு, அழுத்தாமல், அந்த இடத்திலயே சின்னச் சின்னதா அசைச்சு, ரெண்டு பல்லு ரெண்டு பல்லா நகருங்கோ. காலமையும் படுக்க முதலும் ரெண்டு நிமிசம். கீழ் முன் பல்லுக்குப் பின்பக்கம் பிரஷை நிமித்தி, நுனியால. அந்த இடத்தில உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கிறபடியால் காரை (பல்லில கல்லா இறுகிற அழுக்கு) கெதியா இறுகும். போன் டோர்ச்சை அடிச்சு சின்னக் கண்ணாடியில பாருங்கோ, மஞ்சளா, கிளிஞ்சல் ஒட்டின மாதிரி ஒண்டு தெரிஞ்சால் அதை எந்த பிரஷாலயும் எடுக்க ஏலாது, ஊசியால கிண்டவும் வேண்டாம், பல் டொக்டர்தான் எடுக்கோணும்.

டூத்பேஸ்டில புளோரைட் இருக்கோணும், டியூபின்ட பின்னால பிபிஎம் எண்டு ஒரு கணக்கு இருக்கும், 1000க்குக் குறையாமல், 1350 தொடக்கம் 1500 எண்டால் நல்லம். தீட்டிப் போட்டுத் துப்புங்கோ, தண்ணி விட்டு அலசிக் கழுவ வேண்டாம். உமிக்கரி, உப்பு, செங்கல் தூள் எல்லாம் இந்தக் காலத்தில விடுங்கோ, முரசு இறங்கி வேர் வெளிய தெரியிற இடத்தை அதுகள் அராவிப் போடும். கிண்ணியாவில இருக்கிற என்ட சிநேகிதி மிஸ்வாக் (பல்லுத் தீட்டுற குச்சி) பாவிக்கிறவ, அதை விட வேண்டாம், மெதுவா நுனியைச் சப்பி மெத்தையாக்கிப் போட்டுப் பாவிச்சு, ராவில பேஸ்டும் பிரஷும் சேருங்கோ எண்டுதான் அவவுக்கு பல் டொக்டர் சொன்னவர்.

பல்லிடுக்குத்தான் முக்கியம். போத்தல் கழுவிற பிரஷ் மாதிரி, ஆனால் ஈர்க்களவு சின்னதா ஒண்டு பாமசியில இருக்கும், பல்லிடுக்கு பிரஷ் எண்டு கேளுங்கோ. சைஸ் பல் டொக்டரிட்டக் கேட்டு வாங்குங்கோ, எனக்கு முன் பல்லுக்கு ஒண்டு, கடவாய்க்கு ஒண்டு. பலவந்தமாத் தள்ளக் கூடாது, இறுக்கமா இருக்கிற இடத்துக்கு பல்லிடுக்கு நூல் (புளொஸ்). முதல் ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் ரத்தம் வந்தது, வெள்ளை பிரஷ் ரோசா நிறமா வரும். அதைப் பாத்து நிப்பாட்டிறதுதான் எல்லாரும் விடுற பெரிய பிழை. ரத்தம் வாற இடம்தான் அழுக்கு இருக்கிற இடம், அங்க மெதுவா, ஆனால் கட்டாயம் தீட்டோணும். எனக்குப் பத்துப் பன்ரெண்டு நாளில பாதி இடங்களில நிண்டிட்டு, நிக்காத இடங்களிலதான் உள்ளுக்குக் காரை இருந்தது.

தண்ணி: சாப்பாட்டோட குடிக்கக் கூடாது எண்டபடியால் எங்களுக்கு நேரம் குறைவு. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழிச்சுத் தொடங்கி, அடுத்த சாப்பாடு வரைக்கும் மிடறு மிடறா, நாளைக்கு ஒண்டரை லீற்றராவது. எங்கட ஊரில மே மாசத்துக்குப் பிறகு கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினால் வெளிய நிண்ட அரை மணித்தியாலத்தில உதடு வெடிச்சுப் போகும், வாய் பிசுபிசுத்து நாக்கு மேலண்ணத்தில ஒட்டும். அந்த மாசங்களில போத்தல் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். போத்தலுக்குள்ள வெறும் தண்ணி. இளநியும் தேசிக்காய்த் தண்ணியும் நல்லதெண்டு நாள் முழுக்க உறிஞ்சாதேங்கோ, ஒண்டில சீனி, மற்றதில அமிலம், ஒரு நேரம் குடிச்சு முடிச்சால் காணும். பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டிட்டன், பைபாஸ்காரருக்கு அது தலைசுத்தையும் சேத்துக் கொண்டு வரும்.

விட்டமின்: சப்புற ஜெலி மாதிரி விட்டமின் வாங்காதேங்கோ, அதில சீனியும் இருக்கு, பல்லிலயும் ஒட்டும், எங்களுக்குத் தேவையான அளவும் அதில பெரும்பாலும் இருக்காது. இரும்புப் பாணி பல்லைக் கறுப்பாக்கும், ஸ்ட்ரோ வைச்சுக் குடிச்சிட்டு வாயைக் கொப்பளியுங்கோ. இரும்பையும் கல்சியத்தையும் ஒண்டா விழுங்க வேண்டாம், ரெண்டு மணித்தியாலம் விடுங்கோ, இரும்பு குடிக்கிற நேரத்துக்கிட்ட தேத்தண்ணியும் வேண்டாம்.

5. வாந்தி எடுத்தால்

எடுத்த உடன பிரஷ் பண்ணக் கூடாது. அமிலத்தில பல்லின்ட மேல் படை இளகியிருக்கும், அந்த நேரம் தேய்ச்சால் அதையே தேய்ச்சு எடுக்கிறம். ஒரு கிளாஸ் தண்ணியில ஒரு தேக்கரண்டி அப்பச் சோடா கரைச்சுக் கொப்பளிச்சுத் துப்புங்கோ, சோடா இல்லாட்டி வெறும் தண்ணி. ஒரு மணித்தியாலம் கழிச்சு பிரஷ். ராவில நெஞ்செரிவு, காலமை வாய் புளிப்பு எண்டால் அது உங்களுக்கே தெரியாமல் அமிலம் மேல வாறது, ஸ்லீவ் செய்தவங்களுக்கு இது கூடுதலா வரும். சர்ஜனிட்டச் சொல்லுங்கோ, அதுக்கு மருந்து இருக்கு.

வாந்தி நாள்கணக்கா நிக்காமல் இருந்தால் பல்லை மறவுங்கோ, உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. தயமின் எண்ட விட்டமின் பி1 கெதியாக் குறைஞ்சிடும், கண் ரெண்டாத் தெரியிறது, நடை தள்ளாடுறது, குழம்பிக் கதைக்கிறது எண்டால் ஒரு நிமிசமும் பிந்தக் கூடாது.

6. பிளட் டெஸ்டையும் முரசையும் சேத்துப் பாருங்கோ

என்ட ஏழு மாசத்தில மூண்டு மாசம் வீணாப் போனது இதாலதான். காரை எல்லாம் எடுத்து முடிச்சும் முரசு சிவந்து வீங்கியே இருந்தது, நாக்கு எரிஞ்சது, கடைவாய் ரெண்டு பக்கமும் வெடிச்சிருந்தது. கடைசியில இன்னொரு டொக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்திட்டு, நாக்கு வழுவழுப்பா இருக்கு, ரத்தத்தைப் பாருங்கோ எண்டார். இரும்பும் பி12உம் ரெண்டும் குறைவு. பி12 ஊசி தொடங்கின பிறகுதான் எரிவு அடங்கிச்சு.

வழமையா 3ம் மாசம், 6ம் மாசம், 12ம் மாசம், பிறகு வருசத்துக்கு ஒருக்கா பிளட் டெஸ்ட் சொல்லுவாங்க. ஆறாம் மாசத்தை ஆக்கள் விட்டிடுறாங்க, உடம்பு நல்லா மெலிஞ்சு எல்லாரும் பாராட்டுற காலம் அது, நானும் விட்டன். கேக்க வேண்டியது: ரத்தக் கணக்கு, பெரிட்டின் (உடம்பில சேத்து வைச்ச இரும்பின்ட அளவு), பி12, போலேட், விட்டமின் டி, கல்சியம், சீனி வருத்தம் இருந்தவங்களுக்கு எச்பிஏ1சி (ரெண்டு மூண்டு மாசச் சீனியின்ட சராசரி). காசு கூடினது பி12உம் விட்டமின் டியும்தான், எனக்கு எல்லாத்தையும் ஒண்டா தனியார் லாப்பில எடுக்க 15,000 ரூபாவுக்குக் கிட்ட முடிஞ்சது. கிளினிக்கில எதெது இலவசமா எடுக்கலாம் எண்டு முதல் கேட்டு, மிச்சத்தை மட்டும் வெளிய எடுங்கோ. ரிப்போர்ட் வந்ததும் ஒரு கொப்பி பல் டொக்டருக்கு.

7. காரை எடுக்கப் போறது

ஒபரேசன் முடிஞ்சு மூண்டாம் மாசம் ஒருக்கா, ஆறாம் மாசம் ஒருக்கா, பிறகு முரசின்ட ஆழம் 4ம் அதுக்கு மேலயும் உள்ளவங்க மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, இல்லாதவங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா. இது எனக்குச் சொல்லித் தந்த கணக்கு, உங்கட வாயைப் பாத்து டொக்டர் மாத்துவார்.

போற நாள் வெறும் வயித்தில போகாதேங்கோ. நம்பர் பிந்தும், எங்களுக்கு சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கி வேர்த்து நடுங்கும். ஒரு மணித்தியாலம் முந்தி முட்டையோ தயிரோ கொஞ்சம் சாப்பிட்டு, பல்லுத் தீட்டிப் போட்டுப் போங்கோ. கதிரையில முழுக்கப் படுக்க வைச்சால் அமிலம் மேல வாறவங்க கொஞ்சம் நிமித்தச் சொல்லிக் கேளுங்கோ, செய்து தருவாங்க.

மேல்காரை எடுக்கிறது ஒண்டு, முரசுக்குள்ள வேர் வரைக்கும் துப்புரவாக்கிறது இன்னொண்டு. ரெண்டாவதுக்கு விறைப்பு ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, ரெண்டு அல்லது நாலு தரம் கூப்பிடுவாங்க. நான் தனியாரில சனல் பண்ணிப் போன நேரம் மேல்காரைக்கு 5,500 ரூபா, உள்ளுக்குத் துப்புரவாக்க ஒவ்வொரு தரமும் 8,000 ரூபா, நாலு தரம். அதால முதலே மொத்தக் கணக்கைக் கேட்டிட்டு இருங்கோ. காசு கஸ்டம் எண்டால் பேராதனை பல் போதனா வைத்தியசாலை இருக்கு, கொழும்பில வோர்ட் பிளேசில தேசிய பல் வைத்தியசாலை இருக்கு, ரெண்டும் அரசாங்கத்தின்ட. இஞ்சத்தைய பல் டொக்டரிட்ட கடிதம் வாங்கிக்கொண்டு போங்கோ, கடிதமில்லாமல் போய் முதல் நாளை விசாரணையிலயே கழிக்க வேண்டாம். கண்டி பஸ் ஹபரண, தம்புள்ள, மாத்தளையால போகும், கண்டியில இறங்கி பேராதனைக்கு இன்னொரு பஸ். கொழும்புக்கெண்டால் ராத்திரி ரயில் வசதி, விடிய இறங்கி நேர போகலாம். பயணத்துக்கு அவிச்ச முட்டையும் தண்ணியும் சின்ன துவாயும் வையுங்கோ, கடைச் சாப்பாட்டை நம்பிப் போனால் ஒண்டில பட்டினி, ஒண்டில சத்தி.

முடிஞ்சு வரேக்க குளோர்ஹெக்சிடின் மவுத்வோஷ் தருவாங்க. 10 மில்லி, ஒரு நிமிசம், நாளைக்கு ரெண்டு தரம், பேஸ்ட் போட்டுத் தீட்டி அரை மணித்தியாலம் கழிச்சு. சொன்ன நாளுக்கு மேல, பொதுவா ரெண்டு கிழமைக்கு மேல, தொடர்ந்து பாவிக்க வேண்டாம், பல்லு மண்ணிறமாப் போகும், தேத்தண்ணி குடிக்கிற எங்களுக்கு இன்னும் கெதியா. முரசு வீக்கம் இறங்கினதும் பல்லுக்கு இடையில ஓட்டை தெரியும், சில பல்லு நீண்ட மாதிரி இருக்கும், குளிர் கூசும். டொக்டர் பல்லைப் பழுதாக்கிட்டார் எண்டு நினைச்சு அடுத்த திகதிக்குப் போகாமல் விடுற ஆக்களை நான் கண்டிருக்கிறன். அந்த ஓட்டை முதலும் இருந்தது, காரையும் வீக்கமும் மூடியிருந்தது. ரெண்டு மூண்டு மாசம் கழிச்சு திரும்ப ஆழம் அளக்கச் சொல்லுங்கோ. எனக்கு 6 இருந்த ரெண்டு இடம் 4க்கு வந்தது, 5 இருந்ததெல்லாம் 3.

8. நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்கக் கூடாதது

முகம் அல்லது தாடைக்குக் கீழ வீங்கி காய்ச்சல், வாய் திறக்க ஏலாமை, விழுங்கவோ மூச்சு விடவோ கஸ்டம்: உடன ஆஸ்பத்திரி, தனிய எண்டால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. பல் மருந்து குடிச்சு வயிறு குத்தி மலம் கறுத்தால், ரத்தமா சத்தி எடுத்தால் அதுவும் அப்பிடித்தான் (இரும்புக் குளிசையாலயும் மலம் கறுக்கும், ஆனால் வயித்து வலியோட எண்டால் காத்திருக்க வேண்டாம்). பல்லுக் கழட்டின இடத்தில ரத்தம் அரை மணித்தியாலம் இறுக்கிக் கடிச்சும் நிக்காட்டியும் திரும்பப் போங்கோ. எல்லா இடத்திலயும் முதல் கையில எடுக்கிறது அந்தத் தாள்.

9. பிளேட் போட்டவங்களுக்கு

எடை குறைய முகமும் சுருங்கும், கழட்டிப் போடுற பல்லு செட் லூசாகி ஆடத் தொடங்கும், ஆடுற பிளேட் முரசை உரஞ்சிப் புண்ணாக்கும், பக்கத்தில இருக்கிற நல்ல பல்லையும் ஆட்டும். எடை இறங்கிற முதல் வருசத்தில புதுசு அடிக்கக் காசைச் செலவழிக்காமல், உள்ளதை இறுக்கித் தரச் சொல்லிப் பாவியுங்கோ, எடை ஒரு இடத்தில நிண்டு நாலஞ்சு மாசம் போன பிறகு புதுசுக்கு அளவு குடுங்கோ. என்ட அம்மம்மா காலத்து ஆக்கள் மாதிரி பிளேட்டோட படுக்க வேண்டாம். ராவில கழட்டி, சோப்புப் போட்டு பிரஷால கழுவி, ஒரு கிண்ணத்துத் தண்ணியில போட்டு வையுங்கோ, காலமை போட முதல் ஈரத் துணியை விரலில சுத்தி முரசை மெல்லத் துடைச்சிட்டுப் போடுங்கோ.